ஏழு பல் உள்ளி

நோன்பு மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் குசினியில் அஸர் தொழுகைக்கு முன்பே உள்ளி உரிக்கும் வேலை தொடங்கிவிடும். உம்மம்மா சுளகை முன்னால் வைத்துக்கொண்டு பல்லுப் பல்லாக உரித்துப் போடுவார். உம்மா அதை இஞ்சியோடு சேர்த்து அம்மியில் தட்டிக் கஞ்சிப் பானையில் இடுவார். அரிசி கரைய வெந்து, வெந்தயமும் ரம்பையும் மணந்து, கடைசியில் தேங்காய்ப்பால் விழும்போது அந்த வாசம் வேலியைத் தாண்டி ஒழுங்கை வரைக்கும் போகும். சின்ன வயதிலிருந்தே அந்தக் கஞ்சியை இரண்டு கோப்பை குடிப்பவள் நான்.

பதினைந்தாவது வயதில் அதே கஞ்சியைக் கண்டு பயந்தேன். மஃரிப் பாங்கு சொல்லும் வரை நோன்பு எனக்குச் சுகமாக இருந்தது. நோன்பு திறந்து சில மணித்தியாலத்துக்குள் வயிறு பானை போல ஊதிவிடும். பிறகு வயிற்றுக்குத்து. வீட்டுப் பெண்களெல்லாம் தராவீஹ் தொழுதுகொண்டிருக்க, நான் மலசலகூடத்துக் கதவுக்குப் பின்னால் கண்ணீரோடு இருப்பேன். பசித்திருந்த பகலில் நிம்மதி, உண்ட இரவில் வேதனை என்றால் அதை யாரிடம் சொல்வது? நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த முதல் பிழை.

இது தொடங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பதாந் தரத்தில் படிக்கும்போது மார்கழி மழையில் எங்கள் ஊருக்குள் வெள்ளம் ஏறி வடிந்தது. கிணறுகள் கலங்கிக் கிடந்தன. அந்த வாரம் எனக்கும் தம்பிக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தன. தம்பி ஜீவனி கரைத்துக் குடித்து இரண்டே நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டான். நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் விட்டது, வயிற்றோட்டம் நின்றது, வீட்டுக்கு வந்தேன். ஆனால் வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் நாளுக்கு நாலைந்து தடவை ஓட வேண்டும். அடுத்த வாரம் மூன்று நாளைக்கு ஒன்றும் போகாது. இரண்டு நிலையிலும் குத்து மட்டும் மாறாது.

பாடசாலையில் இது இன்னொரு விதமான வேதனை. இரண்டாம் பாடவேளையில் வயிறு முறுக்கத் தொடங்கும். கையை உயர்த்தி ஆசிரியையிடம் அனுமதி கேட்க வேண்டும். மைதானத்தின் அந்தக் கோடி வரை நடக்க வேண்டும். திரும்பி வரும்போது நாற்பது சோடிக் கண்கள் என்னையே பார்ப்பது போலிருக்கும். ஒருநாள் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். உம்மா கட்டித் தந்த சோற்றுப் பொதியை வழியில் நின்ற பூனைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போனேன்.

எனக்கு வயிறு சரியில்லை என்பது மட்டும் மெல்ல மெல்ல வெளியே தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. கத்தரிக்காய் கிரந்தி, விடு என்றார் மாமி. மாட்டிறைச்சி சூடு, தொடாதே என்றார் பக்கத்து வீட்டுச் சாச்சி. முட்டை ஆகாது என்றார் ஒருவர், மீனில்தான் பிழை என்றார் இன்னொருவர். உம்மம்மா இது நாவூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதித் தந்தார். அந்தத் தண்ணீர் என் வயிற்றை ஆற்றியதோ இல்லையோ, அதை ஓதும்போது அவர் முகத்தில் இருந்த கவலை என் மனதை ஆற்றியது.

எல்லோர் சொல்லையும் கேட்டு ஒவ்வொன்றாக விட்டேன். கத்தரிக்காய் போனது, இறைச்சி போனது, முட்டை போனது, மீனும் போனது. மிஞ்சியவை பாண், பால்மாத் தேநீர், சோறு, உம்மா வைக்கும் புளியாணம். ‘வயிற்றுக்கு லேசான சாப்பாடு’ என்று நானும் நம்பினேன், உம்மாவும் நம்பினார். வயிறு ஊதுகிறதே என்று புளியாணத்தில் ஒரு பிடி உள்ளியைக் கூடுதலாகத் தட்டிப் போடுவார். உள்ளி வாய்வை எடுக்கும் என்பது அவருடைய உம்மா அவருக்குச் சொல்லித் தந்த மருந்து. நான் குற்றமில்லாத உணவுகளை எல்லாம் வீட்டை விட்டு அனுப்பிவிட்டுக் குற்றவாளிகளோடு மட்டும் குடியிருந்தேன் என்பது பின்னர்தான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்தேன். சீருடை தோளில் தொங்கியது. அதைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்த உம்மாவிடம், எப்படியோ பூனைகளின் கதையும் போய்ச் சேர்ந்திருந்தது. ஊசியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“என்ட கைச்சோறு ஒனக்கு நஞ்சா மகள்?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சமைப்பதைச் சாப்பிட்டால்தான் எனக்கு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? இருவரும் அழுதோம். அன்றிரவு முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தடவை போகிறேன், எப்படிப் போகிறது, எங்கே குத்துகிறது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். உம்மா வாப்பாவிடம் சொன்னார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருந்தோம்.

அங்கிருந்த டொக்டர் ஒரு பெண். முதலில் வாப்பாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். பிறகு, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, குடல் எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். மலத்தில் இரத்தம் போகிறதா? இரவில் வலியால் தூக்கம் கலைகிறதா? விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறதா? குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் இருக்கிறதா? எடை குறைந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நான் சாப்பாட்டை விட்டதால் குறைந்ததா, நோயால் குறைந்ததா என்று பார்க்காமல் விட முடியாது என்றார். இரத்தசோகை, உடலில் அழற்சி, தைரொய்ட், மலப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். கோதுமைப் புரதம் குடலைப் பழுதாக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு முன்னால் பாணை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் நோய் இருந்தாலும் அறிக்கையில் தெரியாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னது எனக்குப் புதிய செய்தி.

எல்லா அறிக்கைகளும் சரியாக வந்தன. உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு பயம். ‘ஒன்றுமில்லையாம், பிள்ளை சும்மா சொல்லியிருக்கிறாள்’ என்று ஊர் சொல்லுமே! அதை டொக்டர் கண்டுகொண்டாரோ என்னவோ, வாப்பாவையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: “ரிப்போட்டில் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் மகளுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வலி உண்மையான வலி.”

அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. அது வேலை செய்யும் விதம்தான் குழம்பியிருக்கிறது. குடலின் நரம்புகள் கூடுதலாகக் கூருணர்வு கொண்டுவிடுகின்றன. மற்றவர்களுக்குத் தெரியாமல் நகரும் காற்றும் நீரும் எங்களுக்கு வலியாகத் தெரிகின்றன. மூளையும் குடலும் எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பதால் மனம் பதறினால் குடலும் பதறுகிறது. கடுமையான வயிற்றோட்டத்துக்குப் பிறகு பத்தில் ஒருவர் அளவில் இந்த நிலைக்கு ஆளாகிறார்களாம். வெள்ளத்துக்குப் பிந்திய அந்த வாரத்தை நினைத்துக்கொண்டேன். என் வயிறு காரணமில்லாமல் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.

டொக்டர் என்னைப் போஷாக்கு ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் முதலில் உணவு எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் பயந்து விட்டவற்றையெல்லாம், இறைச்சி, மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும், மீண்டும் சாப்பிடச் சொன்னார். ஒரு எண்பது பக்கக் கொப்பியை வாங்கி, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, பிறகு வயிறு என்ன சொன்னது, அன்று மனம் எப்படி இருந்தது என்று ஐந்து நிரல்களில் எழுதச் சொன்னார். இரண்டு வாரம் எழுதினேன். அந்தக் கொப்பி எனக்குப் பதிலாகப் பேசியது. முட்டை சாப்பிட்ட நாளில் ஒன்றுமில்லை. மீன் பொரித்த நாளில் ஒன்றுமில்லை. பாணும் பால்மாத் தேநீருமாக இருந்த காலைகளில் குத்து. புளியாணம் குடித்த இரவுகளில் குத்து. பரோட்டாவும் வெங்காயச் சம்பலும் சாப்பிட்ட நாளில் இரண்டு மடங்கு குத்து.

ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு ‘ஃபொட்மெப்’ என்ற சொல்லைச் சொன்னார். அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சொல் அது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சீனிகளையும் மாச்சத்துகளையும் ஒன்றாகச் சேர்த்து அப்படி அழைக்கிறார்கள். அவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான் இது. கூருணர்வுள்ள குடல்தான் அதைத் தாங்காமல் கத்துகிறது. வெங்காயத்திலும் உள்ளியிலும் கோதுமையிலும் இருப்பது ஃபிரக்டான். பாலில் இருப்பது லக்டோஸ். பருப்பிலும் கடலையிலும் ஒரு வகை, தர்ப்பூசணியிலும் மாம்பழத்திலும் இன்னொரு வகை. சோறு, முட்டை, மீன், கோழி, கரட், கத்தரிக்காய், தோடம்பழம், இஞ்சி, மஞ்சள், ரம்பை எல்லாம் பெரும்பாலும் தொந்தரவு செய்யாதவை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்மா குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். “வெங்காயமும் உள்ளியும் இல்லாம என்ன ஆணம் மகள் ஆக்கிற?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை. ஒரு பிடி உள்ளியைக் கூடுதலாகத் தட்டிப் போட்ட இரவுகளைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். “நீங்க மருந்தெண்டுதானே போட்டீங்க உம்மா” என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஆலோசகர் சொல்லித் தந்த ஒரு சின்ன விடயம் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. உள்ளியில் இருக்கும் ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே முழு உள்ளிப் பல்லை எண்ணெயில் மெல்லிய நெருப்பில் பொரியவிட்டு, தண்ணீரோ பாலோ ஊற்றும் முன் எடுத்துவிட்டால், வாசம் எண்ணெயில் தங்கும், வில்லங்கம் பல்லோடு வெளியே வந்துவிடும். ஆணத்தில் வெந்த பிறகு எடுத்தால் பயனில்லை. வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியை மட்டும் அரிந்து போடலாம். பிட்டுக்குக் கோதுமை மா கலப்பது எங்கள் வீட்டு வழக்கம். உம்மா எனக்குத் தனி அரிசி மாவில் அவித்தார். கடையில் இடியப்பம் வாங்கினால் என்ன மா என்று கேட்டு வாங்கினார். வாப்பா கடைக்குப் போனால் சூப் கட்டியின் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசிக்கத் தொடங்கினார். வெங்காயத் தூளும் உள்ளித் தூளும் எத்தனை பொதிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன என்பதை அப்போதுதான் கண்டோம்.

நாலு வாரம் அப்படி இருந்தேன். இரண்டாவது வாரத்தின் ஒரு காலையில் விழித்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது, வயிறு வலிக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்திருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பது, அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நிலையிலேயே இருந்துவிட ஆசைப்பட்டேன். ஆலோசகர் விடவில்லை. இந்தக் கட்டுப்பாடு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குத்தான், வாழ்நாளுக்கு அல்ல; நீண்டால் சத்துக் குறையும், குடலின் நல்ல பக்டீரியாக்களும் குறையும் என்றார். இரண்டாம் கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும், மூன்று நாள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பயந்து பயந்து செய்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என் வயிற்றின் சட்டங்கள் எழுதப்பட்டன. அரைக் கோப்பை பால்தேநீர் சரி, ஒரு கிளாஸ் பால் கூடாது. எருமைத் தயிர் இரண்டு கரண்டி சரி. பாண் ஒரு துண்டு சரி, பரோட்டா இரண்டு கூடாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்த பருப்பு இரண்டு கரண்டி சரி. தர்ப்பூசணி கூடாது. வெங்காயமும் உள்ளியும் சின்ன அளவில்கூடக் கூடாது. இது என் வயிற்றின் சட்டம் மட்டுமே. இதே நோயுள்ள இன்னொருவருக்கு உள்ளி ஒத்துப்போகலாம், பால் ஒத்துப்போகாமலிருக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரும் என் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொப்பியின் ஐந்தாவது நிரலும் எனக்கு ஒரு பாடம் சொன்னது. தவணைப் பரீட்சை வாரத்தில், கூடாத எதையும் தொடாமலே மூன்று நாள் குத்தியது. சாப்பாடு பாதிதான், மீதி மனம். அதன் பிறகு நேரத்துக்குத் தூங்கவும், மாலையில் ராத்தாவோடு அரை மணித்தியாலம் நடக்கவும், அவதி அவதியாக விழுங்காமல் இருந்து சாப்பிடவும் பழகினேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது, வகுப்பாசிரியையிடம் போய் நோயின் பெயரைச் சொல்லி, கதவோரத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவர் யார் யாரிடமோ பேசி ஒழுங்கு செய்தார். கணித வினாத்தாளின் நடுவில் ஒரு தடவை எழுந்து போனேன். திரும்பி வந்து மீதிக் கணக்கைச் செய்தேன். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் கணக்கு.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று முடித்தால் அது பொய். இன்றும் சில வாரங்கள் மோசமாகவே போகின்றன. கலியாண வீட்டில் சஹனில் உட்கார்ந்தால், புரியாணிச் சோற்றின் ஓரத்தில் வெங்காயம் படாத இடமாகத் தேடுகிறேன். ‘என்ன பிள்ளை, எங்கட சாப்பாடு பிடிக்கலையா’ என்று யாராவது கேட்பார்கள். முன்பு தலையைக் குனிவேன். இப்போது ‘வெங்காயம் எனக்கு ஒத்துக்காது மாமி, இறைச்சித் துண்டு ஒன்று கூடத் தாங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். சொன்ன பிறகு பார்த்தால் அந்தச் சஹனிலேயே இன்னொருத்தி மெதுவாக, எனக்கும் அப்படித்தான் என்கிறாள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ மறைத்துக்கொண்டிருந்தால் உன் உம்மாவிடம் சொல். உன்னைப் பட்டினி போடாதே, ஊர் சொல்வதையெல்லாம் விடாதே. பெற்றோர்களே, பிள்ளை அடிக்கடி வயிறு என்று சொன்னால் பாடசாலைக்குப் போகாமலிருக்கச் சாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். இரத்தம் போதல், எடை குறைதல், காய்ச்சல், இரவில் எழுப்பும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் அவர் வழிகாட்டலோடு மட்டும் செய்யுங்கள். எதை விட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தால், விட வேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

இந்த வருட நோன்பில் ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்தேன். மூன்று பழம் எனக்குக் கூடாது, ஒன்று சரி. கஞ்சி எல்லோருக்கும் ஒரே பானைதான். எனக்கென்று தனியாக வைக்க உம்மாவுக்கு மனமில்லை. முதல் நாள் வாப்பா குடித்துவிட்டு, “இண்டைக்குக் கஞ்சியில என்னமோ குறையிது” என்றார். உண்மைதான், குறைகிறது. உம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளிச் சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார். மூன்றாம் நாள் வாப்பா அதைக் கேட்கவுமில்லை.

அஸருக்கு முன் உம்மம்மா இப்போதும் சுளகோடு உட்காருகிறார். ஆனால் உள்ளியைத் தட்ட விடுவதில்லை. முழுப் பல்லாக எண்ணித் தருகிறார். உம்மா அதைத் தாச்சி எண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக்குகிறார். அரிசியும் தண்ணீரும் விழும் முன் கரண்டியால் அவற்றை எடுப்பது என் வேலை. உம்மம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. என்றாலும் இருந்த இடத்திலிருந்தே கணக்குக் கேட்பார்.

“ஏழு போட்டன் புள்ள. ஏழும் எடுத்திட்டியா?”

“ஏழும் எடுத்திட்டன் உம்மம்மா.”

“பிஸ்மி சொல்லி அரிசியப் போடு.”